ஆஸ்பத்திரியில் நீ சொன்ன பொய்

தம்பி,

உனக்கும் எனக்கும் பதினாறு வயதுதான் வித்தியாசம். அப்பன் மகனுக்கு எழுதுகிற தோரணையில் உனக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது, அவ்வளவுதான் தகுதி. ஆனால் நம் பக்கத்தில் பெற்ற மகனையே தம்பி என்று கூப்பிடுகிற வழக்கம் இருப்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டுதான் இத்தனை நாளும் உன்னோடு பேசி வந்தேன். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. 'ஏனுங்க' என்கிற ஒரே சொல்லை வைத்துப் பன்னிரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாய். மாமா இல்லை, சார் இல்லை, அண்ணா இல்லை. ஏனுங்க, வண்டிச் சாவி எங்கீங்க. ஏனுங்க, அம்மா சாப்பிடக் கூப்புடுது. ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் உன்னிடம், "ஏப்பா, இவரு உனக்கு அண்ணனா?" என்று கேட்டபோது நீ கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லீங்க, எங்கம்மா ஊட்டுக்காரருங்க" என்றாய். அவருக்கு வாயிலிருந்த வெற்றிலை விழுந்துவிடும் போல ஆகிவிட்டது. எனக்கு உன்னை அன்றைக்குத்தான் பிடித்தது. சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு சமாளிப்பும் இல்லை.

அப்படிப்பட்டவன் எனக்காக ஒரு பொய் சொன்னாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவாய். அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் பொறுத்துக்கொள்.

நீ பூனாவுக்கு ரயில் ஏறி மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கு ஸ்டேஷனில் அம்மா உன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஒன்று சொன்னாள், ஞாபகம் இருக்கும். "மெஷினுக்குப் பக்கத்துல பதனமா இருக்கோணும் கண்ணு. அன்னைக்கு மாதிரி அவசரப்பட்டுப்போடாதே. உனக்கு அவசரம் ஜாஸ்தி." நீ 'சரிம்மா' என்று தலையாட்டினாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பி முறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் உன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோச் நம்பரைத் தேடுகிறவன் போல நடித்துக்கொண்டு நின்றேன். கோச் நமக்கு எதிரிலேயேதான் இருந்தது.

அவசரம் உன்னுடையது இல்லை. என்னுடையது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் உன் அம்மா. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்து ஒருத்திக்குத் தெரியாமல் ஒரு விஷயம் எட்டு மாதம் இருந்தால், அந்த வீட்டில் ஒயரிங் சரியில்லை என்று அர்த்தம். எனக்கு இப்படித்தான் சொல்ல வரும்.

முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், தெரியாததும் வரும். உன் அம்மா வேலை செய்கிற மில்லில் நூலைச் சோதிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதை சர்வீஸ் பண்ண நான் வருவேன். சோதனைக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை நான் போய் நின்றபோது, "ஏனுங்க, மெஷின் ரிப்பேருங்களா, நீங்க ரிப்பேருங்களா?" என்று கேட்டாள். நின்றிருந்த நாலு பெண்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், மூன்றாவது தடவை மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், வளர்ந்த மகன் இருக்கிறான், இதெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் போனேன். இரண்டு பக்கத்து உறம்பரையும், சொந்தபந்தம் மொத்தமும், என்னென்ன பேசினார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீதான் காதால் கேட்டவன். பொள்ளாச்சியில் என் அப்பா ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. அதற்கெல்லாம் அசராமல் இருந்தேன் என்று எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "வேற ஒண்ணும் உங்ககிட்டக் கேக்க மாட்டேனுங்க. ஊட்டுல கரண்ட்டு வேலை மட்டும் நீங்க தொடக்கூடாது. பல்பு மாத்தறதுன்னாலும் ஆளைக் கூப்புட்டுக்கலாம்."

"நான் படிச்சதே அதுதானுங்களே" என்றேன்.

"அவரும் அதையேதான் சொல்வாரு."

உன் அப்பா எப்படிப் போனார் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகச் சொன்னாள். உனக்கு அப்போது ஒன்பது வயது. தறிக்கூடத்தில் லைன் இழுத்துக்கொண்டிருந்தவர். மெயினை அமர்த்தி, கரண்டை நிறுத்திவிட்டுத்தான் ஏணியில் ஏறியிருக்கிறார். தறி நிற்கிறதே என்று யாரோ அவசரத்தில் வந்து மெயினைப் போட்டுவிட்டார்கள். போட்ட ஆளுக்கு அவர் மேலே இருப்பது தெரியாது. இவ்வளவுதான். நான் சரி என்று சத்தியம் பண்ணினேன். பண்ணும்போதே மனதுக்குள், இது ஒரு பயம், நாளாவட்டத்தில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டதை ஒரு நிபந்தனையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு வருத்தமாக எடுத்துக்கொண்டேன். அங்கேதான் என் முதல் தப்பு. உனக்கு நாளைக்கு ஒரு பெண் வந்து, இதை மட்டும் செய்யாதே என்று சொன்னால், அதற்குக் காரணம் உன் மூளைக்குச் சரியாகப் படுகிறதா என்று பரிசோதிக்காதே. செய்யாமல் இரு. சத்தியம் என்பது அவ்வளவுதான்.

பிறகு இரண்டு பையும் ஒரு டூல் பெட்டியுமாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ உன் அலமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தாய். நான் வருவதற்கு முன்பே சட்டைகளை நகர்த்தி, தட்டுக்குப் பேப்பர்கூட விரித்து வைத்திருந்தாய். அந்த வீட்டின் ஒயரிங் முழுவதும் உன் அப்பா கையால் செய்தது என்று நீதான் எனக்குச் சுற்றிக் காட்டினாய். பின்கட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்விட்ச். இடது மோட்டாருக்கு, வலது பழைய ஷெட்டுக்கு. எதிலும் எழுதி ஒட்டவில்லை. வீட்டு ஆட்களுக்குத் தெரியும், வெளி ஆள் எதற்குத் தொட வேண்டும்? எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் நான் செய்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன். அடுத்தவன் வேலையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் வருகிற அரிப்பு இது. அதோடு மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிவதும், பக்கத்து வீட்டிலிருந்து "அக்கா, மோட்டாரு!" என்று சத்தம் வருவதும், அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடுவதும் தினமும் நடந்தது. தொட்டி காலியானால் தானாகவே மோட்டார் ஓடி, நிறைந்தால் தானாக நிற்கிற ஒரு பெட்டி இருக்கிறது. அதை மாட்ட ஒரு மணி நேரம். அதற்கு ஆள் கூப்பிட்டு, அவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து... எனக்குப் பொறுமை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பொள்ளாச்சிக்குத் தன் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நீ காலையிலேயே பிராஜக்ட் வேலை என்று நண்பன் வீட்டுக்குப் போய்விட்டாய். அவள் திரும்பி வரும்போது தண்ணீர் தானாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் சிரிக்க வேண்டும், சத்தியத்தை மீறியதைச் சிரிப்போடு சிரிப்பாக மன்னித்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம். இடது ஸ்விட்ச் பெட்டிக்குள் புது ஒயருக்கு இடம் போதவில்லை. வலதில் இடம் இருந்தது. மோட்டார் லைனை வலதுக்கு மாற்றிக் கொடுத்து, அந்த ஸ்விட்சைப் போட்டும் வைத்துவிட்டேன். மாற்றினால் எழுதி ஒட்ட வேண்டும். மில்லில் ஒரு மெஷினைத் திறந்தால் நான் முதலில் செய்வது அதுதான். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று சிவப்பு அட்டை தொங்கவிட்டு, பூட்டுப் போட்டு, சாவியை என் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். அட்டை தொங்கவிடாத பையன்களை நான் திட்டிய திட்டில் ஒருவன் வேலையை விட்டே போயிருக்கிறான். அந்தச் சிவப்பு அட்டைகள் ஒரு கட்டு அன்றைக்கும் என் பைக்குள் இருந்தன. ஒன்றை எடுத்து மாட்ட அரை நிமிடம் ஆகும். அதற்குள் மேட்டுப்பாளையம் ரோட்டு மில் ஒன்றிலிருந்து மெஷின் நின்றுவிட்டது என்று போன். சாயந்தரம் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன்.

நீ மதியம் வந்திருக்கிறாய். குழாயில் தண்ணீர் இல்லை. அந்த மோட்டாரில் ஒரு ஒயர் அடிக்கடி லூஸ் ஆகும், நீ வழக்கமாகச் செய்வது போலவே இடது ஸ்விட்சை அமர்த்திவிட்டு, மூடியைக் கழற்றி, விரலால் அழுத்தியிருக்கிறாய். ஒரு தப்பும் இல்லை. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இடது என்றால் மோட்டார். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, சுவர் ஏறிக் குதித்து, வெறுங்கையால் உன்னைத் தொடாமல் காய்ந்த கட்டையால் உன் கையைத் தட்டிவிட்டாரே, அந்த நிதானத்துக்குப் படிப்பு தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவரே தன் வேனில் போட்டுக்கொண்டு போனார். போகும் வழியில் எனக்குப் போன் செய்தார். "பையன் மூச்சு உட்டுட்டுத்தான் இருக்கறானுங்க, நீங்க பதறாம வண்டி ஓட்டீட்டு வாங்க" என்றார். நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்திருந்தாய். வலது உள்ளங்கையில் கட்டு, பின்மண்டையில் நாலு தையல். என்னைப் பார்த்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "லெஃப்ட்டை அமத்திப்போட்டுத்தானுங்க தொட்டேன்." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. உனக்கே குழப்பமாக இருந்தது, கணக்கு தப்பாக வந்துவிட்ட மாதிரி.

"காலைல நான் வலதுக்கு மாத்திட்டேன். எழுதி ஒட்டலை" என்றேன்.

நீ மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமாங்க?" என்றாய்.

"தெரியாது."

அவ்வளவுதான் நாம் பேசிக்கொண்டது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பட்டுச் சேலையோடு, பாதி உதிர்ந்த பூவோடு. பஸ்ஸில் பொள்ளாச்சியிலிருந்து எப்படி நின்றுகொண்டே வந்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவள் என்ன ஆச்சு என்று கேட்டது என்னைப் பார்த்து. என் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "கை ஈரமா இருந்துச்சும்மா. ஸ்விட்சை அமத்தாமத் தொட்டுட்டேன். என்ற தப்புத்தான்." அவள் கட்டுப் போடாத பக்கத்துத் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "ஒரு ஆளைக் குடுத்தது பத்தாதாடா எனக்கு? உனக்கும் அதே சாவு கேக்குதா?" என்று அடித்த கையாலேயே உன் தலையை அணைத்துக்கொண்டு அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது. நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லும் வரை இருந்தது. சொல்லவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். உனக்கு மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லி அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். நான் வீட்டுக்கு வந்து முதலில் துணி எடுக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், காலையில் மாட்டிய அந்தத் தானியங்கிப் பெட்டியைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். மோட்டார் லைனை மறுபடி இடதுக்கே கொடுத்தேன். உன் அப்பா வைத்திருந்த மாதிரியே, ஒயர் வளைவுகூட மாறாமல். இருபது நிமிட வேலை. அதில் ஒரு பிசிறு இல்லை. தம்பி, அந்தச் சாயந்தரம் நான் செய்த வேலை மாதிரி சுத்தமான வேலையை என் வாழ்க்கையில் செய்ததில்லை. நீ அங்கே படுத்திருக்கிறாய், நான் இங்கே தடயம் அழித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் செய்தது அவசரம். சாயந்தரம் செய்தது அவசரம் இல்லை. அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை நான் எட்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நீ வீட்டுக்கு வந்தாய். வந்ததும் பின்கட்டுக்குப் போய் இடது கையால் இடது ஸ்விட்சைப் போட்டாய். மோட்டார் ஓடியது. அமர்த்தினாய். நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, "மாத்திப்போட்டீங்களா?" என்றாய். "ஆமா" என்றேன். "சரிங்க" என்றாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கலாம். நம் ஊர் மரியாதை சில சமயம் கத்தியைவிடக் கூர்மை என்று அந்த ஒரு 'ங்க'வில் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் நான் பார்த்துக்கொண்டு இருந்தவை. மோட்டார் பக்கம் உன்னை விடவில்லை. டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்தவன் டியூப் லைட் மாட்டப் போனால்கூட, "நீ எறங்கு கண்ணு, அவரு வெளியில ஆளைக் கூட்டியாருவாரு" என்பாள். நோம்பித் திருவிழாவுக்கு வந்த உறவெல்லாம் உன் தலைத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்புடி அவசரப்பட்டா ஆகுமா சாமி?" என்று உபதேசம் செய்துவிட்டுப் போனார்கள். என்னிடம், "நீங்க கூடவே இருந்து பார்த்துக்கிட்டதால பையன் தேறி வந்தான், நல்ல மனுசன் வந்து வாச்சீங்க" என்றார்கள். அதற்கும் நான் தலையாட்டினேன். உன் அம்மா எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

பூனா வேலைக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிவிட்டு நாம் இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்தில் ஒரு மில்லுக்குப் போனோமே, அன்றைக்கு வண்டியில் உன்னிடம் கேட்டேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்க முடிந்தது. முகம் தெரியாது பார். ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். பாக்கு மண்டிகள் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னாய். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னாய்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்லீங்க. நான் எப்பிடியும் வேலைக்கு வெளியூரு போயிருவேன். அம்மாவுக்கு இது தெரிஞ்சா உங்களைத் தொரத்திப்போடும். அப்பறம் அது தனியா இருக்கோணும். பதினோரு வருஷம் தனியா இருந்ததை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கறனுங்க. அடி வாங்கறது எனக்குப் பெருசா தெரியலை."

"எனக்காக இல்லைங்கறது புரியுது" என்றேன்.

"புரிஞ்சாச் சரிங்க" என்று சொல்லி மறுபடி ஏறி உட்கார்ந்தாய். திரும்பி வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாய்.

நன்றி என்ற வார்த்தை நம் வீடுகளில் புழங்குவதில்லை. அதைக் கடிதத்தில் எழுதினால் பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இந்த வருடம் எனக்குக் கிடைத்ததைப் பார்த்தால் எழுதாமல் முடியவில்லை. ஒரு வீடு கிடைத்தது. சமைக்கும்போது தானாகப் பேசிக்கொள்கிற ஒரு மனைவி கிடைத்தாள். ஆறு மாதம் கழித்து என் அப்பா போன் செய்து, "தேங்கா அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டார், அதற்கு மேல் அவருக்கு வராது, அது போதும். எல்லாவற்றையும்விட, நீ உயிரோடு பூனாவில் ஷிப்ட் பார்க்கிறாய். அந்தக் கட்டை ஒரு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு வண்டி ஓட்டக் கை வருவதில்லை. உனக்கு நான் நன்றி சொல்வது அலமாரியில் பாதி கொடுத்ததற்கு. பொய்க்கு இல்லை. நீ இருபது வயதில் உன் அம்மாவுக்காக எடுத்த முடிவு அது, பெரிய முடிவு. ஆனால் அந்தப் பொய் என்னைக் காப்பாற்றவில்லை தம்பி. உன்னைப் பற்றி உன் அம்மா மனதில் ஒரு பொய்யான மகனை உட்கார வைத்தது, அவ்வளவுதான். அவள் பயப்படுவது அந்த மகனுக்காக. அவள் ஸ்டேஷனில் புத்தி சொன்னது அந்த மகனுக்கு. நீ கவனமானவன். இடதை அமர்த்திவிட்டுத் தொட்டவன். அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

புது வேலையில் உனக்கு மேலே இருக்கிறவன் ஒருவன் தப்புச் செய்வான். நீ பொறுப்பேற்றுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றும். ஏற்காதே. லைனை இடம் மாற்றினால் எழுதி ஒட்டு. அடுத்தவன் மாற்றியிருந்தால், எத்தனை வருடம் தெரிந்த லைனாக இருந்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு. அவன் உன் வீட்டு ஆளாக இருந்தால் இரண்டு தடவை பார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். இன்றைக்கு ஞாயிறு. அம்மா சமையல் அறையில் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். "நின்னுட்டே கேக்கறேன், சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது. அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. நூல் ரிப்போர்ட்டில் பிசகு கண்டால் சூப்பர்வைசரை நிற்க வைத்துக் கேட்பாள், அதே குரலில் கேட்டாள்.

"எந்த ஸ்விட்சுல இருந்து எந்த ஸ்விட்சுக்கு?"

"இடதுல இருந்து வலதுக்கு."

"இப்ப மோட்டாரு எதுல ஓடுது?"

"இடதுல."

"அதை மறுபடியும் மாத்துனது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"துணி எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்புனீங்களே, அப்ப."

அவள் துணியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "என்ற பையன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தான். நீ ஊட்டுல வந்து ஒயரை மாத்திட்டிருந்தே. நீ மனுசனா?" என்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் என்னை நீ என்று சொன்னது இல்லை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. லேத் பட்டறை அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவர் உன்னைப் பார்த்தபோது எந்த ஸ்விட்ச் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள். "லெஃப்ட்டு அமத்தித்தான் இருந்துச்சுங்க அம்மணி, எனக்கே அது புரியாமத்தான் இருந்துச்சு" என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதை அவள் நம்பாமல் சரிபார்த்தாள். சரிதான். இனி கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். நான் இந்த மேஜையிலேயே இருந்தேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அவனுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"நடந்தது பூராவும் எழுதியாச்சா?"

"எழுதிட்டேன்."

"நான் அவனை அடிச்சதையுமா?"

"அதையும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அடி உங்களுக்கு வர வேண்டியது. அதுக்கு நான் அவங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியது இருக்குது. அதை நீங்க எழுத வேண்டாம், நானே கேட்டுக்கறேன். அவனும் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கறான், அதுக்கும் அவன் பதில் சொல்லோணும். நானாக் கூப்புட மாட்டேன். இதைப் படிச்சுப்போட்டு அவன் கூப்புடட்டும்."

"என்னை என்ன பண்றதா இருக்கீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்குக் காத்திருக்க வராது என்று உனக்குத் தெரியும்.

"அது எனக்கே தெரியலைங்க. என்ற பையன்கிட்டப் பேசாம அதை நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றாள். சோறு வைத்தாள். தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய். அவள் துருவித் துருவிக் கேட்பாள். எனக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே. நான் நல்லவன், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்றெல்லாம் நீ ஆரம்பிப்பாய். வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்ல உன்னால் முடியும், கல்யாண வீட்டில் நானே கேட்டேன். அவள் தனியாக இருக்க வேண்டி வருமே என்று மட்டும் பயந்து பேசாதே. அது அவள் முடிவு பண்ண வேண்டியது. அந்த முடிவை நீயும் நானும் சேர்ந்து எட்டு மாதம் அவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தோம், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூரியர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். எழுந்திருக்கவில்லை.